ஃபிரிட்ஜ் இல்லை, மைக்ரோவேவ் இல்லை: பினாங்கு விடுதி மாணவர்களுக்குக் குறைந்த செலவில் புரதம்

பினாங்கில் படிக்க வரும் பிள்ளைகள் யாரும் பட்டினி கிடப்பதில்லை. கையில் காசு குறைவாக இருந்தாலும் இந்த ஊரில் வயிறு நிறைந்துவிடும். காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் குழம்பில் மிதக்கும் சோறு, இரவு மெகி மீ, நடுவில் இரண்டு தே தாரிக். மூன்று வேளையும் சாப்பிட்டாச்சுதான். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அன்றைய புரதம் 30 கிராமைச் சுற்றியே நிற்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையில் ஃபிரிட்ஜ் இருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன் என்று பலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். புரதத்தில் மலிவானவை எல்லாம் பெரும்பாலும் உலர்ந்த சாமான்கள். மளிகைக் கடையின் மூட்டையிலும் டின்னிலும் காலங்காலமாக வெளியில் இருந்தவை. அவற்றை வைத்துச் சாப்பிட நல்ல ஃபிளாஸ்க் ஒன்று, இறுக மூடும் போத்தல்கள் நாலைந்து, எதில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, இவ்வளவும் போதும். மிண்டனில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழக மாணவர்களையும் சுங்கை டுவாவில் வாடகை அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்கள், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள லெபோ பாசார் என்று வரும் இடத்தில் பிரிக்பீல்ட்ஸ் அல்லது மஸ்ஜித் இந்தியா என்று படித்துக்கொள்ளலாம்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 55 கிலோ எடை என்றால் 44 கிராம். ஜிம்முக்குப் போகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் கொட்டுவதில் பெரிய லாபம் இல்லை.

இதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். வேளைக்கு 15 முதல் 20 கிராம் என்று பிடித்தால் எடை எதுவாக இருந்தாலும் பெரும்பாலோருக்குக் கணக்கு சரியாக வரும். இரவில் ஒரேயடியாகச் சாப்பிட்டு ஈடுகட்டுவதைவிட இதுவே நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

படி 2: அறையில் எதற்கு அனுமதி என்று முதலில் பாருங்கள்

விடுதிக்கு விடுதி சட்டம் மாறும். சில இடங்களில் கேத்தலுக்கு மட்டும் அனுமதி. சில இடங்களில் அதுவும் கிடையாது, மாடிக்கு ஒரு சுடுநீர் இயந்திரம் இருக்கும். வெளியில் வாடகை அறை எடுத்தவர்கள் ரைஸ் குக்கர் வைத்திருப்பார்கள். இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி கொதிநீரை மட்டுமே நம்பி எழுதப்பட்டது.

அனுமதி இல்லாத குக்கரை வாங்கி, விடுதிப் பொறுப்பாளரான ஃபெலோ சோதனைக்கு வரும்போது சூட்டோடு துணி அலமாரிக்குள் தள்ளி மறைக்கும் பழக்கம் விடுதிகளில் உண்டு. அபராதம் போகட்டும், தீப்பிடித்தால் என்ன செய்வது? அனுமதி உள்ள பொருளாக இருந்தாலும் சிரிம் என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். நாலு பிளக் ஏற்கெனவே செருகிய நீட்டிப்பு வயரில் கேத்தலையும் சேர்த்துச் செருகாதீர்கள்.

படி 3: அலமாரியை நிரப்புங்கள்

மாதம் ஒருமுறை பேருந்தில் ஜார்ஜ்டவுனுக்குப் போய் வாருங்கள். கொம்தாரில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். லெபோ பாசாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் மளிகைக் கடைகளில் பருப்பு வகைகளைக் கேட்கும் அளவுக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். பேரங்காடியில் அரைக்கிலோ பொட்டலமாக வாங்க வேண்டியதை இங்கே கால் கிலோவாக வாங்கலாம். ஈரக்காற்று உள்ள ஊரில் சின்ன அளவாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

நான் முதலில் வாங்கச் சொல்வது பொட்டுக்கடலை. இதைச் சட்னிக்கு அரைக்கும் சாமானாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாத புரதம். ஏற்கெனவே வறுத்தது, அதனால் ஊற வைக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போகலாம். ஒரு பெரிய கைப்பிடி 30 கிராம் வரும், அதில் 6 கிராம் புரதம். மாவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய கிளாஸ் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி மாவு, உப்பு, அரை எலுமிச்சை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் குலுக்கினால் மத்தியான வெயிலுக்கு இதமாக இருக்கும். பீகாரில் உழைக்கும் மக்கள் 'சத்து' என்ற பெயரில் குடிக்கும் மாவுப் பானம் கிட்டத்தட்ட இதேதான். இனிப்பு வேண்டுமென்றால் பால்மாவும் மசித்த வாழைப்பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பா டப்பாவாக விற்கும் புரதப் பவுடருக்குப் பணம் கொடுக்கும் முன் இதை ஒரு மாதம் குடித்துப் பாருங்கள்.

அடுத்தது நிலக்கடலை. 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். கூடவே எண்ணெய்ச் சத்தும் பாதி அளவுக்கு இருப்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வறுத்ததை வாங்குங்கள். கசப்போ பூஞ்சை வாசமோ இருந்தால் அந்தப் பொட்டலத்தையே தூக்கி எறியுங்கள். கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. கடலை வெண்ணெய் வாங்கினால் சர்க்கரை குறைவாக உள்ளதைப் பார்த்து எடுங்கள். இரண்டு மேசைக்கரண்டியில் 7 கிராம் கிடைக்கும், திறந்த போத்தல் வெளியில் இருந்தாலும் சில வாரங்கள் தாங்கும்.

மூன்றாவது, மீல்மேக்கர் என்று நம் கடைகளில் சொல்லும் சோயா உருண்டை. காய்ந்த நிலையில் எடையில் பாதி புரதம், 100 கிராமுக்கு 50 கிராமுக்கும் மேல். விலைக்குப் புரதம் என்று பார்த்தால் இதை அடிக்க ஆள் இல்லை. ருசி என்று பார்த்தால், சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் மைசூர்ப் பருப்பு அரைக்கிலோ, பச்சைப் பயறு கால் கிலோ, உடனடி ஓட்ஸ் ஒரு பொட்டலம், பால்மாவு ஒரு பொட்டலம். முழுக் கொழுப்புப் பால்மாவில் 100 கிராமுக்கு 25 கிராமை ஒட்டிய புரதம், கொழுப்பு நீக்கியதில் 35 கிராம் வரை. பால்மாவுக்குப் பதில் டின்னில் வரும் இனிப்புப் பாலை வாங்கிவிடாதீர்கள். இப்போது நம் கடைகளில் அப்படி விற்பவற்றில் பல, லேபிளைப் படித்தால் இனிப்புக் கிரீமர். சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் நிறைய, புரதம் பெயரளவுக்கு. தே தாரிக்கில் பால் இருக்கிறது என்று புரதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

டின் மீனில் சார்டினுக்கே முதலிடம். மீனின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம், முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் 155 கிராம் சின்ன டின்னையே வாங்குங்கள். 425 கிராம் டின் விலையில் லாபம்தான், ஆனால் திறந்தால் அந்த வேளையிலேயே தீர வேண்டும். பக்கத்து அறையில் பங்குக்கு ஆள் இருந்தால் மட்டும் பெரிய டின். உப்பிய டின், விளிம்பில் நசுங்கிய டின் எதையும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பால் குடிக்கிறவர்கள் யுஎச்டி பாலை 200 மில்லி பெட்டிகளாக வாங்கலாம். திறக்கும்வரை ஃபிரிட்ஜ் வேண்டாம். ஒரு பெட்டியில் 6 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதம். ஒரு லிட்டர் பெட்டி மலிவாகத் தெரியும், ஆனால் திறந்த பிறகு நம் சூட்டில் மீதி கெட்டுப்போகும்.

லேபிள் படிக்கும்போது ஒரு விஷயம். மக்லுமாட் பெமாக்கானான் (சத்து விவரம்) என்ற கட்டத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒரு பரிமாறலுக்கு என்பதை விட்டுவிட்டு 100 கிராமுக்கு என்ற பத்தியைப் பாருங்கள். பரிமாறல் அளவைத் தயாரிப்பாளர் தன் வசதிக்கு வைத்திருப்பார். 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உள்ள உலர்ந்த சாமான் எதுவும் உங்கள் அலமாரிக்கு ஏற்றது.

வார இறுதியில் கூலிமுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ வீட்டுக்குப் போகிறவர்கள் அம்மாவிடம் சாம்பாரும் கோழிப் பிரட்டலும் கட்டி வாங்கி வருவார்கள். பாசம் புரிகிறது, ஆனால் அது அன்று இரவோடு முடிந்துவிடும். கேட்க வேண்டியது பருப்புப் பொடி. துவரம் பருப்பும் பொட்டுக்கடலையும் மிளகும் பூண்டும் வறுத்து அரைத்தது. சுடுசோற்றில் இரண்டு கரண்டி போட்டு நல்லெண்ணெய் விட்டால் குழம்பே வேண்டாம். இன்னொன்று, தலை கிள்ளிய நெத்திலியைக் கடலையோடு ஈரம் போக மொறுமொறுப்பாக வறுத்த வறுவல். காய்ந்த நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதம். உப்பும் அதிகம் என்பதால் வறுக்கும் முன் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். வெங்காயம், புளி சேர்த்த சம்பலாக வேண்டாம், காய்ந்த வறுவலாகவே வேண்டும். ஈரம் இல்லாததுதான் போத்தலில் நிற்கும்.

படி 4: முட்டை

முட்டைக்குத் தனிப் படியே கொடுக்கலாம். ஒன்றில் 6 முதல் 7 கிராம் புரதம், எந்த ஒட்டுக்கடையிலும் கிடைக்கும், சைவம் அல்லாத எல்லா மாணவர்களுக்கும் பொது. 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு அரசாங்க மானியமும் விலைக் கட்டுப்பாடும் இல்லை. அதனால் கடைக்குக் கடை விலை மாறும், விசாரித்து வாங்குங்கள். ஏ, பி, சி என்ற தரம் அளவை மட்டுமே குறிக்கும். ஏ என்றால் 65 கிராமிலிருந்து, சி என்றால் 55 கிராமிலிருந்து. சத்தில் ஏற்றத்தாழ்வு கிடையாது, மாணவருக்கு சி போதும்.

நம் ஊர் மளிகைக் கடைகளில் முட்டை வெளியில்தான் அடுக்கியிருக்கும், உங்கள் அறையிலும் அப்படியே இருக்கலாம். பேரங்காடியில் குளிரில் வைத்திருந்த முட்டையை வாங்கி வந்து வெளியில் வைக்காதீர்கள். ஓட்டில் நீர் கோத்து, கிருமி உள்ளே போக வழியாகும். வெளியில் இருந்ததையே ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு, பத்துக்குள் வாங்கி, வெயில் படாத மூலையில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். கழுவி அடுக்க வேண்டாம், வேக வைக்கும் முன் கழுவினால் போதும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் குப்பைக்கு.

வேக வைக்கக் கேத்தலுக்குள் முட்டையைப் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று விரிசல் விட்டால் கேத்தல் நாறிவிடும், அதே கேத்தலில் மற்றவரும் தேநீர் போடுவார்கள். ஃபிளாஸ்க் முறையே சுத்தம். அரை லிட்டர் கொள்ளும், வாய் அகன்ற வெற்றிட ஃபிளாஸ்க் வேண்டும். பிளாஸ்டிக் உணவு டப்பா சூட்டைப் பிடித்து வைக்காது.

முதலில் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள். உள்சுவர் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் முட்டைக்குப் போக வேண்டிய சூட்டை எஃகு குடித்துவிடும். கரண்டியில் வைத்து இரண்டு முட்டைகளை மெல்ல இறக்குங்கள். கேத்தல் தளதளவென்று கொதித்து அணைந்த அந்த நிமிடமே தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி இறுக மூடுங்கள். அரை மணி நேரம். குளித்துத் துணி மாற்றி வருவதற்குள் மஞ்சள் கரு வரை இறுகியிருக்கும். மூன்றாவது முட்டையைத் திணித்தால் தண்ணீர் குறைந்து சூடு போதாது, நடுவில் கொழகொழவென்று நிற்கும். சுடுநீர் இயந்திரத்துத் தண்ணீர் பல இடங்களில் கொதிநிலைக்குக் கீழேதான் இருக்கும். அதை மட்டும் நம்புகிறவர்கள் பாதியில் ஒருமுறை தண்ணீரை மாற்றி, நேரத்தையும் கூட்டுங்கள்.

கோப்பிக் கடை பாணியில் அரைவேக்காட்டு முட்டை பிடிக்கும் என்றால் அன்று வாங்கிய முட்டையில் மட்டும் செய்யுங்கள், காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காலையில் அவித்ததைப் பையில் போட்டு மத்தியானம் வரை சுமக்காதீர்கள்.

படி 5: ஃபிளாஸ்க்கில் பருப்பு

60 கிராம் மைசூர்ப் பருப்பில் 14 கிராம் புரதம். ஓடு நீக்கி உடைத்த பருப்பு என்பதால் ஊறல் வேண்டாம், அடுப்பே இல்லாமல் வேகும் ஒரே பருப்பு கிட்டத்தட்ட இதுதான். துவரம் பருப்பை இதில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பருப்பைக் கழுவி, சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடுங்கள். 10 நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி புதுக் கொதிநீர், பருப்பைப் போல நாலு மடங்கு. பலர் இந்த இரண்டாவது ஊற்றைச் செய்யாமல் விட்டு, பருப்பு நறநறவென்று இருக்கிறது என்பார்கள். முதல் தண்ணீர் பருப்பைச் சூடாக்குவதிலேயே தன் சூட்டை இழந்துவிடும், வேக வைப்பது இரண்டாவது தண்ணீர்தான். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு ஒன்றரை மணி நேரம் விடுங்கள். திறந்து உப்பு, பருப்புப் பொடி அல்லது இட்லிப் பொடி, கிடைத்தால் இரண்டு கறிவேப்பிலை. பச்சை மசாலாத்தூள் போட்டால் அந்தப் பச்சை வாசம் போகாது, வறுத்து அரைத்த பொடிதான் இதற்குச் சரி. கடையில் வெறும் சோறு மட்டும் வாங்கி வந்து இதை ஊற்றிச் சாப்பிட்டால் ஒரு வேளை முடிந்தது.

காலையில் போட்டது மத்தியானத்துக்கு, மாலையில் போட்டது இரவுக்கு. இரவு போட்டுக் காலையில் திறக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஃபிளாஸ்க் கிருமிக்கு நல்ல கதகதப்பான வீடு.

பச்சைப் பயறு என்றால் 6 முதல் 8 மணி நேரம் ஊற வைத்து, அதே முறையில் இரண்டு மணி நேரம். நம் சூட்டில் அதற்கு மேல் ஊறினால் நுரைத்துப் புளித்துவிடும். முளைகட்டுவதும் நல்லதுதான், ஆனால் முளையைப் பச்சையாகத் தின்னாமல் கொதிநீரில் வேக வைத்தே சாப்பிடுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் பயறோடு சேர்ந்து கிருமியும் முளைக்கும்.

இதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ராஜ்மா என்னும் சிவப்பு பீன்ஸ் விதையை ஒருபோதும் ஃபிளாஸ்க்கில் வேக வைக்காதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. அடுப்பில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் அரைகுறையாக வெந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். வேண்டுமென்றால் டின்னில் வெந்தது வாங்குங்கள். கொண்டைக்கடலைக்கும் அப்படியே. நஞ்சு இல்லை, ஆனால் ஃபிளாஸ்க் சூட்டுக்கு அது அசையாது.

இப்போது சோயா உருண்டையின் ருசி. 25 கிராம் எடுத்துக் கொதிநீரில் 15 நிமிடம் மூடி வையுங்கள். ஊறியதை நன்றாகப் பிழிந்து, இன்னொரு தரம் சுடுநீரில் அலசிப் பிழியுங்கள். இரண்டாவது பிழிதலில்தான் அந்த அட்டை வாசம் போகும். இதை மெகி மீயில் போட்டு, மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் கொட்டி, அவித்த முட்டை ஒன்றும் சேர்த்தால் மீயின் 7 கிராம், சோயாவின் 13 கிராம், முட்டையின் 6 கிராம் என்று ஒரு கிண்ணத்தில் 26 கிராம். வெறும் மீயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் செலவில் வித்தியாசம் ஒரு வெள்ளியை (ரிங்கிட்டை) சுற்றித்தான் வரும்.

பசியாறலுக்கு 40 கிராம் ஓட்ஸ், 30 கிராம் பால்மாவு, ஒரு மேசைக்கரண்டி கடலை வெண்ணெய், மேலே சுடுநீர். 16 கிராம் கிடைக்கும். பால்மாவை முதலில் ஓட்ஸோடு உலர்வாகவே கலந்துகொண்டால் கட்டி விழாது.

ரைஸ் குக்கருக்கு அனுமதி உள்ளவர்களுக்கு இவ்வளவு வித்தை தேவையில்லை. அரிசியில் மூன்றில் ஒரு பங்கு பாசிப்பருப்பைச் சேர்த்துப் பொங்கலாகப் போடுங்கள், மேல் தட்டில் முட்டையோ தெம்பேயோ ஆவியில் வேகட்டும். அரிசியில் குறையும் அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது.

படி 6: அன்றன்றைக்கு வாங்கித் தீர்ப்பவை

காலைச் சந்தையில் தௌஃபு, தெம்பே இரண்டும் மலிவு. தெம்பேயில் 100 கிராமுக்கு 19 கிராம் புரதம். உயிருள்ள புளிப்பு என்பதால் அறையில் ஒரு நாள் தாங்கும், மறுநாள் வாசம் ஏறும். சமைத்தே சாப்பிட வேண்டும், ஆகவே குக்கர் உள்ளவர்களுக்குத்தான். தௌஃபு வாங்கிய சில மணி நேரத்தில் தீர வேண்டும். சர்க்கரைப் பாகு ஊற்றிய தௌ ஃபூ ஃபாவை இனிப்பாக ரசியுங்கள், புரதமாக எண்ண வேண்டாம். சோயாப் பால் அன்றாடம் குடிக்கலாம், சர்க்கரை குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அவித்த நிலக்கடலையும் அவித்த கொண்டைக்கடலையும் விற்பார்கள். பொரித்த கோழித் தோலுக்கு வரிசையில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவமாக இருக்கிறவர்களுக்குச் சீனர் சைவக் கடைகள் கைகொடுக்கும். அங்குள்ள கோதுமைப் புரதக் கறியில் புரதம் உண்டு, உப்பும் தாராளம்.

படி 7: கடையில் சாப்பிடும்போது

நாசி கண்டார் கடையில் குழம்பு பஞ்சிர், அதாவது சோறு மூழ்க வெள்ளமாக, என்று கேட்டு வாங்குவது பினாங்குக்காரர்களின் பிறப்புரிமை. ஆனால் குழம்பில் எண்ணெயும் மசாலாவும்தான் அதிகம். வரிசையில் நிற்கும்போது இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

"அண்ணே, சோறு பாதி போதும். பருப்பு கெட்டியா அள்ளி ஊத்துங்க, அவிச்ச முட்டை ரெண்டு."

"கறி வேணாமா தம்பி? இறா இருக்கு, இன்னிக்குப் பெருசு."

"இறா எவ்வளவுண்ணே?"

விலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இறாலும் கணவாயும் தட்டில் விழுந்த பிறகு கேட்டால் பிரயோஜனம் இல்லை. அடியிலிருந்து அள்ளிய பருப்பில்தான் பருப்பு இருக்கும், மேலாக ஊற்றினால் மஞ்சள் தண்ணீர். ரொட்டிக் கடையில் இரண்டு ரொட்டி கோசோங்குக்கு (வெறும் ரொட்டிக்கு) பதில் ஒரு ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி), கூட ஒரு அரைவேக்காட்டு முட்டை. 2023 ஜனவரி இறுதியில் தொடங்கிய மெனு ரஹ்மா திட்டத்தில் உள்ள கடைகளில் 5 வெள்ளிக்குள் சோற்றோடு ஒரு மீனோ கோழியோ முட்டையோ கிடைக்கும். உங்கள் வளாகச் சிற்றுண்டிச்சாலையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: காசுக் கணக்கு

பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல், 10 கிராம் புரதத்துக்கு எத்தனை காசு என்று பாருங்கள். ஒரு முட்டை 45 காசு என்று வைத்துக்கொள்வோம். 6 கிராமுக்கு 45 என்றால் 10 கிராமுக்கு 75 காசு. அரைக்கிலோ நிலக்கடலை 6 வெள்ளி என்றால் அதில் 125 கிராம் புரதம், 10 கிராமுக்கு 48 காசு. 200 கிராம் சோயா உருண்டை 4 வெள்ளி என்றால் 40 காசுக்கும் குறைவு. 20 கிராம் புரதம் என்று அட்டையில் போட்ட சாக்லெட் பார் 6 வெள்ளி என்றால் 10 கிராமுக்கு 3 வெள்ளி! விலைகள் உங்கள் கடையில் வேறாக இருக்கும், வரிசை பெரிதாக மாறாது.

மைகார்டு என்னும் அடையாள அட்டை வழியாக அரசாங்க உதவி வரும் சமயங்களிலும் இந்த வரிசை நினைவிருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 100 வெள்ளி சாரா உதவி கொடுத்தபோது பலர் அதைப் பிஸ்கட்டிலும் பானங்களிலும் தீர்த்தார்கள். முட்டைக்கும் சார்டினுக்கும் அதே பணம் செல்லும்.

படி 9: கெடாமல் பார்த்துக்கொள்வது

அவித்த முட்டைக்கு இரண்டு மணி நேரம் என்று முன்பே சொன்னேன்; நம் சூட்டில் மற்ற சமைத்த உணவு எதற்கும் 4 மணி நேரம்தான் எல்லை. மத்தியானம் வாங்கிய சோற்றை இரவுக்கு வைத்துச் சுடுநீர் ஊற்றிச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். ஆறிய சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

உலர்ந்த சாமான்களுக்கு எதிரி ஈரமும் எறும்பும் வண்டும். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள போத்தல்களே சரி. பருப்போடு நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு வைப்பது பழைய வழி. பால்மாவில் ஈரக் கரண்டி பட்டால் இரண்டு நாளில் கட்டியாகும். ஒவ்வொரு போத்தலிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஃபிளாஸ்க் மூடியில் உள்ள ரப்பரைத் தனியே கழற்றிக் கழுவுங்கள், பழைய பருப்பு வாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பருப்புக்கும் சோயாவுக்கும் பழகாத வயிறு முதல் வாரம் காற்றோடு சண்டை போடும். பாதி அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், அறைத் தோழரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள தோழர் என்றால் உங்கள் கடலைப் போத்தலையும் கரண்டியையும் அவர் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

செமஸ்டர் விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு இருப்பதைத் தீருங்கள். மிஞ்சிய பருப்பையும் ஓட்ஸையும் விடுதியிலேயே தங்கப்போகும் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். பூட்டிய அறையில் ஒரு மாதம் கிடந்தால் திரும்பி வரும்போது வண்டுக் குடும்பம் அலமாரி முழுக்கக் குடியேறியிருக்கும்.